குழல் வகுப்பில் வாய்ப்பாட்டு: டி. விஸ்வநாதனின் பல்கலைக்கழகப் பணி, ஒரு நிகழ்வு ஆய்வு

கர்நாடக இசைக் கலைஞர் ஒருவர் பல்கலைக்கழக ஆசிரியராகிவிட்டால் கச்சேரி தேயும், இல்லாவிட்டால் வகுப்பு ஒப்புக்கு நடக்கும் என்பது நம்மிடையே ஊறிப்போன எண்ணம். பாடுபவர் பாடட்டும், பாடம் நடத்துபவர் பாடம் நடத்தட்டும் என்று இரண்டையும் பிரித்தே பேசிப் பழகிவிட்டோம். அந்த எண்ணத்தை உரசிப் பார்க்க எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த உரைகல், புல்லாங்குழல் வித்வான் டி. விஸ்வநாதனின் பணி வாழ்க்கை.

1927இல் சென்னையில் பிறந்தவர். சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறையின் தலைவராக இருந்தவர். 1975 முதல் 2002 செப்டம்பரில் மறையும் வரை அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், மிடில்டவுன் என்ற ஊரிலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். இத்தனைக்கும் நடுவில் மேடையை விட்டு அவர் விலகவே இல்லை. 1988இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருதும், 1992இல் அமெரிக்க அரசின் தேசியக் கலை நிதியம் மரபுக் கலைஞர்களுக்கு வழங்கும் தேசிய மரபுச் சிறப்பு விருதும் அவருக்குக் கிடைத்தன.

இந்த ஆய்வு எழுப்பும் கேள்வி ஒன்றுதான். வீட்டுக்குள், உறவுக்குள், ஆண்டுக்கணக்கில் காதால் கேட்டு வாங்கிக்கொள்ளும் ஓர் இசையை, ஏறத்தாழ 14 வாரப் பருவங்களாக நறுக்கிய கால அட்டவணைக்குள், தமிழோ தெலுங்கோ அறியாத மாணவர்களுக்கு அவர் எப்படிக் கொடுத்தார்? எதை விட்டுக்கொடுத்தார், எதை விட மறுத்தார்?

வீடும் குருவும்

விஸ்வநாதனின் பாட்டி வீணை தனம்மாள். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைகளில் நடந்த வீணைக் கச்சேரிகளைக் கேட்க அந்தக் காலத்து வித்வான்களே காத்துக் கிடந்தார்கள். 1938இல் தனம்மாள் மறைந்தபோது பேரனுக்கு வயது 11தான். தாயார் ஜெயம்மாள் பாடகி. அக்கா பாலசரஸ்வதி பரதநாட்டியத்தின் பேராளுமை. அண்ணன் ரங்கநாதன் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் சீடரான மிருதங்க வித்வான். பெரியம்மா சித்தி பெண்களில் டி. பிருந்தாவும் டி. முக்தாவும் உண்டு. அந்த வீட்டில் பாட்டு என்பது பேச்சுக்கு அடுத்த மொழியாக இருந்திருக்க வேண்டும்.

அந்தக் குடும்பத்தின் பாடாந்தரத்துக்கு, அதாவது வழிவழியாக வந்த பாடல்களுக்கும் பாடும் முறைக்கும், ஒரு தனிக் குணம் இருந்தது. காதலைப் பாடும் பதங்கள், ஜாவளிகள், முத்துசுவாமி தீட்சிதரின் கிருதிகள் ஆகியவை அதன் உயிர். சௌக்க காலம் என்னும் மெதுவான வேகம்தான் அதன் இயல்பான நடை. ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்குப் போகும் வழியில் என்ன நடக்கிறது என்பதே அங்கே பாடம். அவசரப்படுபவருக்கு அந்த இசை கைக்கு அகப்படாது. இதை இங்கேயே அழுத்திச் சொல்லக் காரணம், பின்னாளில் கால அட்டவணையோடு அவர் நடத்திய இழுபறியெல்லாம் இந்த நிதானத்தைக் காப்பாற்றத்தான்.

குழல் கற்றுக்கொண்டது திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளையிடம். 8 வயதில் தொடங்கிய குருகுலம் அது. சுவாமிநாத பிள்ளையின் தந்தை நாகஸ்வர வித்வான் நடராஜசுந்தரம் பிள்ளை. அவரும் தனம்மாளும் தீட்சிதர் கிருதிகளைக் கற்றது ஒரே ஊற்றில்தான், சாத்தனூர் பஞ்சநத ஐயரிடம். ஆகவே வீட்டில் கேட்டதும் குருவிடம் கேட்டதும் பையனுக்கு ஒன்றோடொன்று முரண்படவில்லை. சுவாமிநாத பிள்ளை குழலில் பாடினார் என்று சொன்னால் அது மிகையாகாது. விரலின் வேகத்தைக் காட்டுவதைவிட வாய்ப்பாட்டின் குழைவைக் குழலுக்குக் கொண்டுவருவதே அவர் வழி. அவரும் கல்லூரி ஆசிரியர்தான். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னை மத்திய கர்நாடக இசைக் கல்லூரியிலும் பணியாற்றியிருக்கிறார். குருகுலத்தையும் கல்லூரியையும் எதிரெதிர்த் துருவங்களாக நிறுத்திப் பேசுபவர்கள் இதை எளிதில் மறந்துவிடுகிறார்கள். விஸ்வநாதனுக்குக் கிடைத்த குருவே இரண்டிலும் கால் பதித்தவர்.

சென்னைக்கும் லாஸ் ஏஞ்சல்ஸுக்கும் நடுவே

1958இல் ஃபுல்பிரைட் உதவித்தொகை பெற்று லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்துக்கு இன இசையியல் படிக்கப் போனார். அப்போது அங்கே மேண்டில் ஹூட் ஒரு புதிய கொள்கையை ஊன்றிக்கொண்டிருந்தார். வேற்றுப் பண்பாட்டின் இசையை ஆராய வருபவர் அதைக் கையாலும் குரலாலும் நிகழ்த்தக் கற்றாக வேண்டும் என்பது அது. 1960இல் அவர் எழுதிய கட்டுரை இதற்கு ஈரிசைத் திறன் என்ற பொருளில் ஒரு பெயரையே தந்தது. ஏட்டறிவு போதாது என்று ஒரு மேலைப் பல்கலைக்கழகம் சொல்லத் தொடங்கிய அந்த நேரத்தில், ஏட்டில் இல்லாத ஒரு பாடாந்தரத்தைத் தொண்டையிலும் விரலிலும் சுமந்துகொண்டு ஒருவர் அங்கே போய் நின்றார். காலம் அவருக்குச் செய்த உதவி இது.

இரண்டாண்டுகள் கழித்துத் திரும்பினார். 1961 முதல் 1965 வரை சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைமை ஏற்றார். பேராசிரியர் பி. சாம்பமூர்த்தி ஆண்டுக்கணக்கில் உழைத்து வளர்த்தெடுத்த துறை அது. இலக்கணம், வரலாறு, சாஸ்திரம் என்று ஆழமாக வேரோடிய அந்த இடத்துக்குப் பரம்பரை இசைக் குடும்பத்திலிருந்து, அதுவும் தேவதாசி மரபில் வந்த ஒரு குடும்பத்திலிருந்து, கச்சேரி வித்வான் ஒருவர் வந்து அமர்ந்தது என் பார்வையில் சாதாரண நியமனம் அல்ல. அந்த மரபுப் பெண்களின் கலையைப் போற்றிக்கொண்டே அவர்களை மேடையின் ஓரத்துக்குத் தள்ளிய காலம் அது. அவர்கள் பாட்டைப் பல்கலைக்கழகப் படிகளில் ஏற்றிய பெருமையில் விஸ்வநாதனுக்குப் பங்கு உண்டு.

பின்னர் மீண்டும் அமெரிக்கா. லாஸ் ஏஞ்சல்ஸிலும் கலிபோர்னியா கலை நிறுவனத்திலும் கற்பித்துவிட்டு, 1975இல் வெஸ்லியனில் முனைவர் பட்டம் பெற்று அங்கேயே நிலைத்தார். அந்த இடம் அவருக்காகப் பண்படுத்தப்பட்டே இருந்தது. உலக இசை என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவராக அறியப்படும் ராபர்ட் பிரவுன் 1960களின் தொடக்கத்தில் வெஸ்லியனில் இசை நிகழ்த்துதலை மையமாக வைத்து ஒரு திட்டத்தைத் தொடங்கியிருந்தார். அவரே மிருதங்கம் பயின்றவர், அதைப் பற்றியே முனைவர் ஆய்வு செய்தவர். 1963இல் ரங்கநாதன் அங்கே ஆசிரியராகப் போய்ச் சேர்ந்தார். தம்பி போய்ச் சேர்ந்தபோது அண்ணனின் மிருதங்கம் அந்த ஊரில் ஒரு தலைமுறை மாணவர்களைத் தயார் செய்திருந்தது.

வகுப்பறையில் செய்த தேர்வு

இந்த ஆய்வின் மையம் இங்கேதான் இருக்கிறது. குழல் வித்வான் ஒருவரைப் பல்கலைக்கழகம் அமர்த்தினால் அவர் குழல் கற்பிப்பார் என்றுதான் யாரும் நினைப்பார்கள். விஸ்வநாதன் குழலும் கற்பித்தார். ஆனால் அவருடைய கற்பித்தலின் முதுகெலும்பு வாய்ப்பாட்டு. அவரிடம் வந்தவர்களில் பலர் குழலைத் தொடாமலே பாட்டு கற்றவர்கள். குழல் கற்க வந்தவரும் பாடித்தான் ஆக வேண்டும்.

இதை ஒரு கொள்கை என்று மட்டும் பார்த்தால் போதாது, விரல் அளவில் பார்க்க வேண்டும். கர்நாடகக் குழலில் ஊதுதுளையை விட்டால் விரல்களுக்கு எட்டுத் துளைகள். மேலிரண்டை மூடினால் சட்ஜம். தொடக்க மாணவருக்கு அரிகாம்போதி ராகத்தின் சுரங்கள் துளைகளை முழுக்க மூடியும் திறந்துமே கிடைத்துவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான். தோடி ராகத்தின் காந்தாரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது ஓரிடத்தில் நிற்கும் சுரமே அல்ல. கீழே ரிஷபத்தையும் மேலே மத்யமத்தையும் தொட்டுத் தொட்டு ஆடுவதுதான் அதன் உருவம். குழலில் அதற்குத் தனியாக ஒரு துளை கிடையாது. விரலை முழுதாகத் தூக்காமல், துளையின் விளிம்பில் உருட்டி, மூச்சின் அழுத்தத்தையும் கூடவே ஏற்றி இறக்கிப் பிடிக்க வேண்டும். எவ்வளவு உருட்டுவது, எத்தனை வேகத்தில் ஆட்டுவது என்பதை எந்தப் படமும் சொல்லித்தராது. அந்தக் காந்தாரத்தைத் தொண்டையில் பிடித்தவருக்கு மட்டுமே விரல் எங்கே போக வேண்டும் என்று தெரியும். காது சரிபார்க்கும், விரல் திருத்திக்கொள்ளும்.

அடுத்தது சாகித்தியம், அதாவது பாட்டின் சொற்கள். குழலில் சொல் இல்லை. ஆனால் சொல்லின் கட்டு இருக்கிறது. எந்த இடத்தில் மூச்சு எடுப்பது, எங்கே நாவால் தட்டித் துத்துகாரம் போட்டுச் சுரத்தைப் பிரிப்பது, எங்கே ஒரே ஊதலில் இழுப்பது என்பதையெல்லாம் சாகித்தியமே தீர்மானிக்கிறது. பாட்டின் சொற்கள் தெரியாமல் வெறும் சுரமாகக் கிருதியை வாசிப்பவர் ஒரு சொல்லின் நடுவில் மூச்சு வாங்கிவிடுவார். சொல் பிரியும் இடமான அருதி தவறிப்போகும். பதங்களில் இந்தக் குறை இன்னும் அப்பட்டமாகத் தெரியும். அங்கே ஒரே சொல்லை நாயகி கோபமாகவும் ஏக்கமாகவும் மாற்றி மாற்றிச் சொல்வாள். அந்த வேறுபாட்டை, ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் சங்கதிகள்தான் தாங்குகின்றன. அக்கா ஆடத் தாயார் பாடியதைக் கேட்டு வளர்ந்து, அக்காவின் நாட்டியத்துக்குத் தாமே குழலும் வாசித்த விஸ்வநாதனுக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதாக இருக்கவில்லை.

மேடையிலும் அவர் இதையே செய்தார். வாசித்துக்கொண்டிருக்கும்போதே குழலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு அந்த வரியைப் பாடுவார். பாடிவிட்டு மீண்டும் வாசிப்பார். கச்சேரிக்கு வந்த அமெரிக்க மாணவருக்கு அதுவே ஒரு வகுப்பு. இந்த வரிக்கு இந்தச் சொல், இந்தச் சொல்லுக்கு இந்த ஊதல் என்று கண்ணெதிரே விளங்கிவிடும். மேடையும் வகுப்பும் அவருக்கு ஒரே வேலையாக இருந்ததற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை. கச்சேரி தேயும் அல்லது வகுப்பு தேயும் என்ற கணக்கு அவரிடம் பொய்த்துப்போனது இதனால்தான். இரண்டிலும் அவர் செய்துகொண்டிருந்தது ஒன்றே.

பக்கத்து அறையில் ரங்கநாதனும் இதே வழியைக் கையாண்டார் என்பது கவனிக்கத்தக்கது. மிருதங்கம் கற்க வந்தவர்கள் கையில் தாளம் போட்டு வாயால் சொற்கட்டு என்னும் தாளச் சொற்களைச் சொல்லப் பழக வேண்டும். அவரிடம் படித்து, பின்னர் வெஸ்லியனிலேயே ஆசிரியரான டேவிட் நெல்சன் சொற்கட்டையே தனிப் பாடமாக வளர்த்தெடுத்தார். கருவி எதுவானாலும் முதலில் வாய் என்பது அந்த வீட்டின் பாடமுறை. அதை அண்ணனும் தம்பியும் கடல் கடந்தும் மாற்றவில்லை.

அப்படியானால் விட்டுக்கொடுத்தது எதை? காலத்தை. விடிகாலையில் குருவின் வீட்டில் எழுந்து இரவு வரை கேட்டுக்கொண்டே இருக்கும் வாழ்க்கையைப் பல்கலைக்கழக மாணவருக்குத் தர முடியாது. மற்ற பாடங்களுக்கு நடுவே வாரத்துக்குச் சில மணி நேரம் வருபவர் அவர். இசையை இறுகப் பிடித்துக்கொண்டவர்கள் தங்கிவிட்டார்கள். மற்றவர்களுக்குச் சில பாடல்களும், கேட்கும் காதும் மிஞ்சின. இதைக் குறையென்று நான் எண்ணவில்லை. கேட்கத் தெரிந்தவர்களை உருவாக்குவதும் ஆசிரியர் வேலைதான்.

ஹிக்கின்ஸ்

விஸ்வநாதனின் வழிக்குக் கிடைத்த மிகப் பெரிய சான்று ஜான் ஹிக்கின்ஸ். 1939இல் பிறந்த அமெரிக்கர், வெஸ்லியன் மாணவர். அங்கே இந்திய இசையில் நாட்டம் பிறந்து, 1960களில் ஃபுல்பிரைட் உதவியோடு சென்னை வந்து விஸ்வநாதனிடம் பாட்டு கற்றார். பாலசரஸ்வதியிடம் நாட்டியமும் பயின்றார். திருவையாறு தியாகராஜ ஆராதனையில் பாடி, நம் ரசிகர்கள் ஹிக்கின்ஸ் பாகவதர் என்று அழைக்கும் அளவுக்கு உயர்ந்தார். அவருடைய உச்சரிப்பைப் பற்றி நிறையப் பேசியாகிவிட்டது. எனக்கு அதைவிட முக்கியமாகப்படுவது அவர் பாடிய வேகம். சௌக்க காலத்தில் பதறாமல் நின்று பாடுவார். அது தனம்மாள் வீட்டு நிதானம். வேற்று மண்ணில் பிறந்தவர் தொண்டையில் அதை ஏற்றியவர் வாய்ப்பாட்டு வித்வான் அல்ல, ஒரு குழல் வித்வான்.

ஹிக்கின்ஸ் பின்னர் டொராண்டோவிலுள்ள யார்க் பல்கலைக்கழகத்தில் மிருதங்க வித்வான் திருச்சி சங்கரனோடு சேர்ந்து 1971இல் இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினார். அதாவது, விஸ்வநாதன் வெஸ்லியனில் நிலைப்பதற்கு முன்பே அவர் மாணவர் வேறொரு நாட்டில் ஆசிரியராகிவிட்டார். அதன்பின் வெஸ்லியனுக்கே திரும்பி அங்குள்ள கலை மையத்தின் இயக்குநரானார்.

1984 கொடிய ஆண்டு. பிப்ரவரியில் பாலசரஸ்வதி மறைந்தார். டிசம்பரில், குடித்துவிட்டு வண்டி ஓட்டிய ஒருவரால் ஹிக்கின்ஸ் உயிரிழந்தார். வயது 45. மூன்றாண்டுகளில் ரங்கநாதனும் போய்விட்டார். அக்கா, தலைமாணவர், அண்ணன் என்று மூவரையும் இழந்த பிறகும் விஸ்வநாதன் அந்த வகுப்பை மேலும் 15 ஆண்டுகள் நடத்தினார். விருதுகள் அவரைத் தேடி வந்ததும் இந்தக் காலத்தில்தான்.

ஆய்வேடு

1975இல் அவர் முடித்த முனைவர் ஆய்வின் பொருள் ராக ஆலாபனை, அதாவது பாட்டும் தாளமும் இல்லாமல் ராகத்தை மட்டும் விரிப்பது. எழுத்துக்குள் அடங்காதது என்று எல்லாரும் ஒதுங்கிப்போகும் பகுதியையே அவர் எடுத்துக்கொண்டது தற்செயலாக இருக்க முடியாது. ஆலாபனையைப் பிடிகள் என்னும் சிறு இசைத் தொடர்களாகப் பிரித்து, அவை எப்படி வளர்கின்றன, எந்தச் சுரத்தில் வந்து நிற்கின்றன என்று ஆராய்வது அந்த வேலை. 1977இல் அதையொட்டி ஒரு கட்டுரையும் ஆய்விதழில் வந்தது. வாய்மொழி மரபில் ஊறியவர் எழுத்தைக் கண்டு அஞ்சவில்லை. ஆனால் எழுத்தை வைத்துப் பாடம் நடத்தவும் இல்லை. கற்பித்தது வாயால், ஆராய்ந்தது எழுத்தால் என்ற இந்தப் பிரிவினை மிகவும் நல்லது என்பது என் கருத்து. நம் கல்லூரிகளில் இது பல நேரம் தலைகீழாகிவிடுகிறது. சுரப்படுத்திய புத்தகத்தைப் பார்த்துப் பாடக் கற்பிக்கிறோம், ஆலாபனையை ஆராய்வதோ அறவே இல்லை.

கொடுத்த விலை

விலை இல்லாமல் இது நடக்கவில்லை. அவர் மிடில்டவுனில் கற்பித்துக்கொண்டிருந்த ஆண்டுகளில் சென்னை மேடையில் குழலின் போக்கு வேறு திசையில் ஓடிக்கொண்டிருந்தது. மாலி என்று அழைக்கப்பட்ட டி. ஆர். மகாலிங்கம் விரலடைவையும் ஊதும் முறையையும் அதற்கு முன்பே புரட்டிப் போட்டிருந்தார். அவர் வழியில் என். ரமணி வந்தார். மாலியின் மேதைமைக்கு முன்னால் யாரும் தலைவணங்கத்தான் வேண்டும். ஆனாலும் சுவாமிநாத பிள்ளையின் வழி இங்கே மெல்லிய இழையாகிவிட்டது. அதைத் தாங்கிப் பிடித்திருக்க வேண்டியவர் ஆண்டின் பெரும்பகுதி கடலுக்கு அப்பால் இருந்தார். நம் சபாக்களின் வழக்கமான பட்டியல்களில் அவர் பெயர் ஓங்கி ஒலிக்காததற்கு இதுவே காரணம். அவர் குடும்பத்தில் பாலசரஸ்வதிக்கு 1973இல், பிருந்தாவுக்கு 1976இல், குரு சுவாமிநாத பிள்ளைக்கு அதற்கும் முன்பே 1953இல் சங்கீத கலாநிதி கிடைத்திருந்தது. இவருக்கு வந்தபோது வயது 61.

இழப்பு யாருக்கு என்று கேட்டால், நமக்கு என்பேன். 1965க்குப் பிறகு அவரைச் சென்னையிலேயே இருத்திவைக்க ஒரு பல்கலைக்கழக நாற்காலி நிலையாக இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. மேடைக் கலைஞரைப் பட்டம் பார்த்து எடைபோடும் பழக்கம் நம்மிடம் வலுவானது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிமுறைகளில் இசைக்கும் நிகழ்த்து கலைகளுக்கும் ஒரு மாற்று வழி இருக்கிறது. பெயர்பெற்ற ஆசானிடம் கற்று, வானொலி அல்லது தொலைக்காட்சியில் ஏ தரம் பெற்று, தம் கலையைக் காரண காரியத்தோடு விளக்கும் திறனும் உடைய கலைஞரை உதவிப் பேராசிரியராக அமர்த்தலாம். விதி இருக்கிறது. அதை மனமாரப் பயன்படுத்தும் துறைகள்தான் வேண்டும்.

பிறகு

அவருடைய மாணவர் மேத்யூ ஆலனோடு சேர்ந்து எழுதிய, தென்னிந்தியக் கச்சேரி மரபை அறிமுகப்படுத்தும் நூல் அவர் மறைந்த பிறகு 2004இல் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழக அச்சகத்தின் வழியாக வந்தது. குறுந்தகட்டோடு சேர்த்தே விற்கப்பட்ட வகுப்பறை நூல் வரிசை அது. படிப்பவர் கேட்டாக வேண்டும் என்ற அவருடைய பிடிவாதத்துக்கு அந்த வடிவம் பொருந்தியே வந்தது. வெஸ்லியனில் ஆண்டுதோறும் நடக்கும் நவராத்திரி விழா அவருக்குப் பின்னும் தொடர்கிறது. டேவிட் நெல்சன் மிருதங்கத்தை ஏற்றுக்கொண்டார். தென்னிந்திய இசையைக் கற்பிக்க விஸ்வநாதனுக்குப் பிறகு அங்கே வந்தவர் அவரிடமே கற்ற பி. பாலசுப்பிரமணியன். அவர் குழல் வித்வான் அல்ல, வாய்ப்பாட்டுக் கலைஞர்.